பூஜ்யம் பேர் தேடிய வார்த்தை

மேடம், கையால் எழுதி ஏழெட்டு வருடம் ஆகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு கொடுத்திருந்தால் இந்நேரம் முடித்து, துணைத்தலைப்பெல்லாம் போட்டு உங்கள் கையில் கொடுத்திருப்பேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. என் ஷீட்டில் இருநூற்றுப் பதினான்கு வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் ஒரு கீவேர்ட், பக்கத்தில் அதை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற எண். எண்பத்தேழாவது வரியில் மட்டும் எண் பூஜ்யம். யாருமே தேடாத வார்த்தைக்கு உட்கார்ந்து ஒரு கட்டுரை எதற்கு எழுதினாய் என்று கேட்டீர்கள். தொழில் தெரிந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். குட்டி சொல்லிக் கொடுத்திருப்பாள்.

குட்டி என் அக்கா மகள். இருபது வயது. அந்தச் செல்லப் பெயரை வைத்ததே நான்தான். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தது அவள்தான் என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. கெட்டிக்காரப் பெண், என்னைப் போல.

என் தொழிலை நாலு வரியில் சொல்லிவிடலாம். மக்கள் தேடுபெட்டியில் என்ன தட்டுகிறார்கள் என்று ஒரு கருவியை வைத்துப் பார்ப்பேன். அப்படித் தட்டும் வார்த்தைகளைத்தான் கீவேர்ட் என்கிறோம். நிறையப் பேர் கேட்டும் உருப்படியாகப் பதில் சொல்ல ஆளில்லாத கேள்வியாகப் பொறுக்கி எடுத்து, அதற்கு என் தளத்தில் ஒரு கட்டுரை எழுதுவேன். கட்டுரைக்குள் ஏதாவது ஒரு பொருளின் லிங்க் இருக்கும். படித்தவர் அது வழியாகப் போய் வாங்கினால் எனக்குக் கமிஷன். நான் எதையும் தயாரிப்பதில்லை, யார் தலையிலும் எதையும் கட்டுவதில்லை. கேட்டவர்களுக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வியிலும் ரகம் உண்டு. வாஷிங் மெஷின் ஏன் ஆடுகிறது என்று கேட்பவர் வாங்க வந்தவர் இல்லை. எந்த வாஷிங் மெஷின் நல்லது என்று கேட்பவர் பாதி வாங்கிவிட்டவர். முதல் ஆளை இரண்டாவது ஆளாக மாற்றத் தெரிந்தவன்தான் இதில் பிழைப்பான். நானும் இரண்டு வருடம் வாஷிங் மெஷின், மெத்தை, நாய்த்தீவனம் என்று எழுதிப் பார்த்தேன். அங்கெல்லாம் பெரிய நிறுவனங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன, இம்மி நகராது. பயந்துபோனவர்கள் கேட்கிற கேள்விகளில் மட்டும்தான் இடம் காலியாக இருந்தது. அதனால் உடல்நலத்துக்கு மாறினேன். 'தங்கையின் குறிப்புகள்' என்று தளத்துக்குப் பெயர் வைத்தேன். ஒரு பெண்ணின் சிரித்த முகப் படத்தை விலை கொடுத்து வாங்கி மேலே போட்டேன். ஆணிடம் கேட்கத் தயங்குவதை ஒரு தங்கையிடம் கேட்பார்கள் இல்லையா.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. லென்ஸை விளிம்பில் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். வேறு யார் கண்ணுக்கும் படாத கீறல் அவள் கண்ணுக்குப் படும். நான் இப்போது போட்டிருக்கும் கண்ணாடியும் அவள் பொருத்தியதுதான். எனக்குப் பதினோரு வயதில் அம்மா நோயில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து எனக்கு எல்லாம் அக்காதான். கல்யாணம் செய்துகொண்டாள், அந்த ஆள் இரண்டே வருடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள் என்னிடம் சொன்னது, "நல்லவேளை, நீ சமைக்கக் கத்துக்கல. இல்லைன்னா எனக்கு இங்க வேலையே இருந்திருக்காது." அவள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. அதிலும் என் லேப்டாப்பிலும் ஒரே கணக்கு. அங்கே தேடுவது இங்கே எனக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்துகிற மாதிரி அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் எல்லாம் போய்விடும் என்று அக்கா நினைத்திருந்தாள். நான் வேவு பார்க்கவில்லை. அந்த வாரக் கட்டுரைக்குக் கேள்வி பொறுக்க உட்கார்ந்தபோது தேடல் பட்டியலில் கண்ணில் பட்டது: 'மார்பில் பட்டாணி அளவு கட்டி வலி இல்லை'.

குட்டி அப்படி எழுத மாட்டாள், அவள் ஆங்கிலத்தில்தான் தேடுவாள். நான் எழுதவில்லை. வீட்டில் மிச்சம் ஒரே ஆள்.

அன்றே போய்க் கேட்டிருக்கலாமே என்றுதானே நினைக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள் மேடம். ஒரு பெண் கூடப்பிறந்தவனிடமே சொல்லக் கூசுகிற விஷயம். அவள் மறைத்து வைத்ததை நான் எடுத்துப் போட்டு உடைப்பது என்ன மரியாதை? அவளே சொல்லட்டும் என்று இருந்தேன். அந்த வார்த்தையைக் கருவியில் போட்டது பழக்க தோஷம். மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் தேடுகிறார்கள் என்றது. போட்டி குறைவு.

அடுத்த ஐந்து வாரம் நான் பார்த்ததை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கருவி காட்டுவது தலைகளின் எண்ணிக்கையை. ஒரே மனுஷி முதல் நாள் என்ன கேட்கிறாள், பத்தாம் நாள் என்ன கேட்கிறாள், எங்கே நின்று திரும்புகிறாள் என்று எதுவும் காட்டாது. அக்கா முதலில் 'வலி இல்லாத கட்டி ஆபத்தா' என்று கேட்டாள். அடுத்த வாரம் 'கட்டி ஆபரேஷன் எத்தனை நாள் லீவு'. அப்புறம் 'அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வருமா'. அப்புறம் 'ஆபரேஷன் இல்லாமல் கட்டி கரைய'. வாஷிங் மெஷின் ஏன் ஆடுகிறது என்பதிலிருந்து எது நல்லது என்பதற்கு அவளே நடந்து வந்துவிட்டாள். நான் தள்ளவில்லை.

அவள் கேட்ட வரிசையிலேயே பதினோரு கட்டுரைகள் திட்டமிட்டேன். ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் அடுத்து என்ன கேட்பாளோ அதற்கான கதவைத் திறந்து வைத்தேன். கடைசிக் கதவில், கட்டியைக் கரைக்கும் என்று சொல்லி விற்கிற ஒரு பொடி. ஊதா மூடி போட்ட டப்பா, நாற்பது நாள் சாப்பிட வேண்டும். அது நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. மாவு மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் படித்துப் பார்த்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு எதையும் சிபாரிசு செய்கிற ஆள் இல்லை நான்.

கட்டுரைகள் நன்றாக ஓடின. எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வந்தார்கள். அக்காவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் என்பதால், படித்த எல்லோருக்கும் தங்கள் மனசைத் தொட்ட மாதிரி இருந்திருக்கிறது. அப்படி எத்தனை பேர் அந்தப் பொடியை வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஷீட்டில் இருக்கிறது.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா கேட்டாள்.

"ஏன்டா, நெட்ல எழுதுறாங்களே, அதையெல்லாம் நம்பலாமா?"

"எல்லாத்தையும் நம்ப முடியாதுக்கா. நல்லா எழுதுறவங்களும் இருக்காங்க."

"எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"படிக்கும்போதே தெரியும். உன் மனசுல இருக்கிறதை அப்படியே சொன்னாங்கன்னா, விஷயம் தெரிஞ்சவங்கன்னு அர்த்தம்."

தலையை ஆட்டிக்கொண்டு என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். பொதுவாகக் கேட்டாள், பொதுவாகச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து ஒரு பெட்டி வந்தது. டெலிவரிக்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். அக்கா பெயர் ஒட்டியிருந்தது. அவள் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வந்ததும் "என்னக்கா ஆர்டர் பண்ணே?" என்று கேட்டேன்.

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்டா. முடி கொட்டுது."

சரி என்றேன். சொல்வதற்கு அவளுக்கு நான் கொடுத்த சந்தர்ப்பம் அது. குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்கு வந்த கமிஷனை நான் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டு அவள் அறைக்கு ஒரு மேசை விசிறி வாங்கிக் கொடுத்தேன். "இப்ப எதுக்குடா இதெல்லாம்" என்று சலித்துக்கொண்டாள். ஆனால் அன்று ராத்திரியே போட்டுக்கொண்டு தூங்கினாள்.

நாற்பது நாள் முடிந்து இரண்டாவது டப்பா வந்தது. அவள் தேடலில் பட்டாணி போய்க் கோலிக்குண்டு வந்தது. அந்த மாற்றத்தையும் நான் கவனித்தேன்.

நாலாவது மாதம் கண்ணாடிக் கடை முதலாளியின் மனைவி, அக்கா ஒரு கையைத் தூக்க முடியாமல் லென்ஸ் தட்டை எட்டுவதைப் பார்த்திருக்கிறாள். விடாப்பிடியாக ஒரு டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இதெல்லாம் பின்னால் குட்டி சொல்லித்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது செவ்வாய்க்கிழமை மாலை அக்கா தட்டியது மட்டும்: 'வியாழக்கிழமை ஊசி டெஸ்ட் போகலாமா வேண்டாமா'.

சாமியிடம் கேட்கிற மாதிரி தேடுபெட்டியிடம் கேட்டிருக்கிறாள். கருவியில் போட்டேன். பூஜ்யம் என்றது. அதுதான் உங்கள் எண்பத்தேழாவது வரி.

அன்றே தங்கையின் முகவரிக்கு ஒரு மெயிலும் வந்தது. நான் எத்தனையோ முறை படித்ததால் மனப்பாடம்.

"அன்புள்ள தங்கைக்கு, உங்க கட்டுரை எல்லாம் படிச்சுட்டேன். எனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. வியாழக்கிழமை ஊசி குத்தி டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றாங்க. போகவா வேண்டாமான்னு தெரியல. எனக்கு ஒரு தம்பி இருக்கான், கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரிஞ்சவன். அவன்கிட்டயே கேக்கலாம். ஆனா கட்டின்னு சொன்னா தாங்க மாட்டான். சின்ன வயசுல எங்க அம்மா பட்ட பாட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தவன். அதான் உங்ககிட்ட கேக்குறேன். நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செய்றேன்."

நான் அழுதேன். அதை மறைக்க வேண்டியதில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அக்கா வெளியே நின்று, "தண்ணி வீணாப் போகுது பாரு" என்றாள்.

அப்புறம் நிதானமாக யோசித்தேன். அவள் டெஸ்டுக்குப் போனால் டாக்டர் இதுவரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். அவள் ஊதா மூடி டப்பாவைக் காட்டுவாள். யார் சொன்னார்கள் என்பார். தளத்தைக் காட்டுவாள். நாலு மாதத்தை வீணடித்துவிட்டீர்களே அம்மா, அன்றே வந்திருந்தால் சின்ன வேலையாகப் போயிருக்கும் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். டாக்டர்களுக்குப் பக்குவமாகப் பேசத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தை அக்கா கேட்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. நானும் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. எதற்கு எது காரணம் என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை காலை அவள் கடைக்குப் போனதும் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்று எழுதினேன். அது பொய். பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் படித்த மூன்று இடங்களிலும் அது வீண் பயம் என்றுதான் போட்டிருந்தது. தலைப்பாக அவள் தட்டிய வார்த்தைகளையே வைத்தேன். அதில் எந்தப் பொருளின் லிங்கும் கிடையாது, ஒரு காசுகூட எனக்கு அதிலிருந்து வரவில்லை. என் தளத்திலேயே லாப நோக்கம் இல்லாமல் எழுதிய கட்டுரை அது ஒன்றுதான். நீங்கள் படித்திருப்பீர்கள், அதில் மட்டும் படிப்பவரை 'அக்கா' என்று கூப்பிட்டிருக்கிறேன். 'அவசரப்படாதீங்க அக்கா, இன்னும் நாற்பது நாள் பொறுங்க' என்று முடித்தேன். எங்கும் பட்டியலில் சேர்க்காமல், அந்தப் பக்கத்தின் முகவரியைத் தங்கை பெயரில் அவளுக்கு மட்டும் அனுப்பினேன். வீட்டில் தம்பியிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் நினைப்பது சரிதான் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

அந்தப் பக்கத்துக்கு ஏழு பார்வைகள். ஏழும் எங்கள் முன்னறையிலிருந்து.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அக்கா கடையில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதலாளியின் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா மட்டும் பாரம் இறங்கினவளாகச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. நான் செய்தது சரிதான் என்று அப்போது உறுதியாக நினைத்தேன்.

அதன்பிறகு பத்து மாதம் இருந்தாள். கடைசியில் பரிசோதனைக்கு எல்லாம் அவசியமே இல்லாமல் போயிற்று, வெளியிலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரம் நான் உட்கார்ந்திருந்தேன், குட்டி கால்மாட்டில் நின்றாள். டாக்டர், ஒரு வருடத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். நான் பயந்த வாக்கியம் அப்படி வந்து சேர்ந்தது. டாக்டர் போனபிறகு அக்கா எங்கள் இருவரிடமும் தங்கையைப் பற்றிச் சொன்னாள். தளத்தின் பெயரையும் சொன்னாள்.

"அவளைத் திட்டாதீங்க. நல்ல மனசோடதான் சொன்னா. ஒவ்வொரு வரியிலும் எனக்காகக் கவலைப்பட்டது தெரிஞ்சுது." மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, எனக்கு இப்படி ஆயிடுச்சுன்னு அந்தப் பொண்ணுக்கு மெயில் கியில் போட்டுடாதே. பாவம், தாங்க மாட்டா."

போட மாட்டேன் என்று சொன்னேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

அவள் போய் மூன்றாம் வாரம் குட்டியின் தேடல்கள் வர ஆரம்பித்தன. 'ஒரு இணையதளம் யாருடையது என்று கண்டுபிடிப்பது எப்படி'. அம்மாவின் கம்ப்யூட்டரில், அம்மா மாதிரியே தமிழில். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. மாதம் நூற்றைம்பது பேர்தான் தேடுகிறார்கள், அதை வைத்து விற்கவும் ஒன்றுமில்லை. அதற்கு நான் கட்டுரை எழுதவில்லை. வேறு யாரோ எழுதியிருந்ததைப் படித்து அவள் கண்டுபிடித்தாள். முன்னறையில் என் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, இந்த வரியில ஏன் பூஜ்யம்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள். திரையைப் பார்த்தபடியே கேட்டாள், என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். பூஜ்யம் என்பது கருவியின் கணக்கு. ஒருத்தி தேடினாள். அவள் யார் என்று எனக்குத் தெரியும், என்ன நோய் என்று தெரியும், போகவிட்டால் பிழைப்பாள் என்றும் தெரியும். தெரிந்தே போகவிடாமல் தடுத்தேன். என் அக்காவைக் கொன்றது நான்தான். இதை யாரும் வற்புறுத்தி எழுத வைக்கவில்லை.

இன்னொரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். லேப்டாப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். இரண்டு நாள் முன்பு கடைசியாக நான் பார்த்தபோது குட்டி, 'அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வருமா' என்று தேடியிருந்தாள். அக்கா கேட்ட அதே கேள்வி, எழுத்துக்கு எழுத்து. அதற்கு என் தளத்தின் பதில்தான் முதலில் வரும். பாவம் மேடம், அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள். அடுத்து என்ன தேடுகிறாள் என்று பார்த்துக்கொள்ள அவளுக்கு இப்போது என்னைவிட்டால் யாரும் இல்லை.